பின் சீற்றில் ஒரு போட்டிக்காரி

1. நான்காவது தாள்

ஜெசிந்தா நான்காவது தடவையும் ஃபெயில் ஆகி வந்த அன்று அவர் அழவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. கனடாவின் ஸ்காபரோவில் இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் பழக்குகிறேன். என்னிடம் பழகி நான்கு தரம் ஃபெயில் ஆனவர் வேறு ஒருவரும் இல்லை.

ஜெசிந்தா மன்னாரிலிருந்து வந்தவர், வயது நாற்பத்தாறு. வயதானவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய்ப் பராமரிக்கும் வேலை. அடுத்த நகரமான அஜக்ஸ் பக்கத்தில் முழுநேர வேலை தருவதாக ஏஜென்சி சொல்லியிருந்தது. ஆனால் வீட்டுக்கு வீடு காரில் ஓடவேண்டும். லைசன்ஸ் இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய தலையிடி, கார் பழகுவதற்கான அவருடைய ஜி-வன் பேர்மிற். அதன் ஐந்து வருஷக் கெடு முடிய மூன்று கிழமைகூட இல்லை. அதற்குள் றோட்டில் ஓடிக் காட்டும் றோட் ரெஸ்ற் பாஸ் பண்ணாவிட்டால், எழுத்துப் பரீட்சையிலிருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கவேண்டும்.

"உங்களோடை ஓடேக்கை நல்லாத்தானே ஓடுறன் அண்ணை. அந்த ரெஸ்ற் எடுக்கிற மனிசி பக்கத்திலை வந்து இருந்தவுடனை எல்லாம் மறந்துபோகுது" என்றார்.

ரெஸ்றில் விட்ட பிழைகளைக் குறித்துக் கொடுத்த தாளைப் பார்த்தேன். கண்ணாடி பார்க்கவில்லை. தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு தாளிலும் அதே பிழைகள்தான். என்னுடன் ஓடும்போது அவர் இதில் ஒன்றையும் தவறவிடுவதில்லை. பதற்றம்தான் காரணம் என்று அவருக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

2. தாளைக் காட்டும் ஐசே

எங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. டிரைவிங் பழக்குகிற தமிழர் பதினெட்டுப் பேர். திங்கட்கிழமை காலையில் ஒரு டோனற் கோப்பிக் கடையில் கூடுவோம். உண்மையைச் சொன்னால், அதுவரை அது பேருக்குத்தான் சங்கம். எல்லாரும் ஒரே குளத்தில் தூண்டில் போடுகிறவர்கள். சிரித்துக் கதைப்போம். ஆனால் தொழில் விஷயத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

அதிலும் சங்கத்தில் இருந்த ரோகினியோடு எனக்குக் கொஞ்சம் கடுப்பு. நாற்பது வயதுகூட ஆகாதவர். என்னிடம் பழகிய மூன்று பேர் இடையில் அவரிடம் மாறிப்போய்ப் பாஸ் பண்ணியிருந்தார்கள். அந்தக் கடுப்பை நான் பெரிதாக மறைத்ததும் இல்லை.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். யாராவது கான்சல் பண்ணிய ரெஸ்ற் நேரம் ஒன்று கிடைக்கவேண்டும். தலைவர் பரா அண்ணை அதில் விண்ணன். கையில் போனை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்து, அன்றிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்கு ஓர் இடம் பிடித்துவிட்டார். பேர்மிற் முடிய முன்னர் கிடைக்கக்கூடிய கடைசி இடம் அதுதான்.

நன்றி சொல்லி எழும்பப் போனேன். ரோகினி கேட்டார்: "அண்ணை, அந்த நாலு தாளையும் ஒருக்கா காட்டுங்கோவன்."

எனக்குச் சுருக்கென்றது. "அதிலை என்ன பாக்கக் கிடக்கு?" என்றேன்.

பரா அண்ணை கோப்பையை மேசையில் வைத்தார். கோபம் வந்தால் அவருக்கு எல்லாரும் 'ஐசே'தான். "காட்டும் ஐசே! உம்மடை மானம் பெரிசோ, அந்தப் பிள்ளையின்ரை வேலை பெரிசோ?"

காட்டினேன். ரோகினி நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "நாளைக்கு நான் உங்கடை காரிலை பின்னுக்கு இருந்து வரட்டே?"

போட்டிக்காரியை என் காரில் ஏற்றுவதா? இரவு முழுக்க மனம் ஒப்பவில்லை. ஆனாலும் விடிந்ததும் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

3. யார் ஓடுவது?

அன்று மார்க்கம் றோட்டில் ஜெசிந்தா அருமையாக ஓடினார். நான் பெருமையோடு திரும்பிப் பின்னுக்குப் பார்த்தேன். ரோகினியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிளாசாவில் நிற்பாட்டச் சொன்னார்.

"அண்ணை, நீங்கள் பின்னுக்கு வாங்கோ. நான் முன்னுக்கு இருக்கிறன்."

இடம் மாறினோம். வெளிக்கிட்டு இரண்டாவது திருப்பத்தில் ஜெசிந்தா தோளுக்கு மேலால் பார்க்கவில்லை. அடுத்த லேனுக்கு மாறும்போது கண்ணாடியும் பார்க்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. மூன்றாவது இடத்தில் ஜெசிந்தா டக்கென்று தலையைத் திருப்பி ஒழுங்காகப் பார்த்தார்.

ரோகினி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இப்ப என்ன செய்தனீங்கள் எண்டு தெரியுமோ?"

"நான் ஒண்டும் செய்யேல்லையே."

"'ம்' எண்டனீங்கள். முதலும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் 'ம்', ஒவ்வொரு லேனுக்கும் 'ம்'. அவ உங்கடை 'ம்'முக்குத்தான் பாக்கிறா. ரெஸ்ற் எடுக்கிற மனிசி 'ம்' சொல்லாது. கார் ஓடுறது நீங்கள் அண்ணை, அவ இல்லை."

ஜெசிந்தா றோட்டிலேயே கண்ணை வைத்திருந்தார். அப்படியே மெல்லச் சொன்னார்: "ஓம் அண்ணை. அது கேட்டாத்தான் எனக்குத் தைரியம் வரும்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் என் சத்தத்தை நானே கேட்டதில்லை. அவமானமாக இருந்தது. நான்கு தரம் அவரை ஃபெயில் ஆக்கியது நான்தான்.

4. பத்து நாள்

சங்கத்து வாட்ஸ்அப் குறூப்பில் நடந்ததை எழுதினேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரித்தார்கள்தான். ஆனால் அரை மணித்தியாலத்தில் ஐந்து பேர், "எங்கடை காரிலையும் ஒருக்கா ஓடட்டும்" என்று நேரம் தந்தார்கள். ஒவ்வொரு நாளும் வேறு கார், வேறு ஆள். கண்ணாடி, தோள், திருப்பம் என்று ஜெசிந்தா தானே வாய்விட்டுச் சொல்லி ஓடப் பழகினார். முதலில் சத்தமாகச் சொன்னார், போகப்போக மனதுக்குள்.

ஏழாம் நாள் அவர் உடைந்துபோனார். "ஐஞ்சாந்தரமும் விட்டால் நான் என்ன செய்வன்?" என்று ரோகினியின் காரிலேயே அழுதாராம். ரோகினி காரை ஓரம் கட்டச் சொல்லிவிட்டு, "நானும் மூண்டு தரம் ஃபெயில் அக்கா" என்றாராம். அன்று பின்னேரம், ஜெசிந்தாவுக்குப் போட்டுக் காட்டச் சொல்லி, குறூப்பில் பரா அண்ணையின் குரல்பதிவு வந்தது: "தங்கச்சி, நான் கொழும்பிலை லொறி ஓடினவன். இஞ்சை முதல் ரெஸ்றிலை நடைபாதையிலை ஏத்திப்போட்டன். யோசியாதை."

அவரைத் தொடர்ந்து ஒவ்வொருவராகத் தாங்கள் ஃபெயில் ஆன கதையைச் சொன்னார்கள். எங்கள் தொழிலில் அதை வெளியில் சொல்வது, மீன்காரன் தன் மீன் நாறுகிறது என்று தானே கூவுவது மாதிரி. அன்று எல்லாரும் கூவினோம். நானும் என் இரண்டைச் சொன்னேன்.

ரெஸ்ற் அன்று நானும் ரோகினியும் பரா அண்ணையும் ரெஸ்ற் நடத்தும் அலுவலகப் பார்க்கிங்கில் குளிருக்குள் நின்றோம். கார் திரும்பி வந்தது. ஜெசிந்தா இறங்கித் தாளை உயர்த்திப் பிடித்தார். "பாஸ் அண்ணை, பாஸ்!" என்ற குரல் பார்க்கிங் முழுக்கக் கேட்டது. ரோகினி துள்ளினார். பரா அண்ணை தன் காருக்குள் கையை விட்டு ஹோர்ணை அமத்திப் பிடித்தார். உள்ளிருந்து ஒரு அதிகாரி வந்து முறைத்தார். எனக்கு மூக்குக்கண்ணாடியைத் துடைக்காமல் ஒன்றும் தெரியவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

அடுத்த திங்கட்கிழமை சங்கத்தில் ஒரு விதி போட்டோம். ஒருவரிடம் பழகுகிறவர் இரண்டு தரம் ஃபெயில் ஆனால், இன்னொரு உறுப்பினர் பின் சீற்றில் இருந்து பார்க்கவேண்டும். அப்படிப் பார்த்ததில் ஒருவர் ஒவ்வொரு திருப்பத்திலும் தன் தொடையில் தட்டுவது தெரிந்தது. பரா அண்ணை தன் காலடியில் இல்லாத பிறேக்கையும் மிதிக்கிறார். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் பிழையைக் காட்டக்கூடிய ஆள் உங்கள் போட்டிக்காரர்தான். வெட்கப்படாமல் காரில் ஏற்றுங்கள்.

இரண்டு கிழமை கழித்து ஜெசிந்தா போன் எடுத்தார். அஜக்ஸில் முதல் நாள் வேலை.

"கார் பார்க் பண்ணிப்போட்டுத்தான் எடுக்கிறன் அண்ணை, பயப்பிடாதேங்கோ. நாலு வீட்டுக்கும் நானே ஓடிப்போனன். றோட்டு முழுக்கப் பனி, ஒரே சினோ."

"பக்கத்திலை ஆர் இருந்தது?"

"என்ரை ஹாண்ட்பாக் அண்ணை. அது ஒரு சத்தமும் போடேல்லை."