அவர் பெயரை நான் உரக்கச் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் தொடக்கத்தில், நெய்வேலி நகரியத்தில் எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கத்தில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். நான் திருநெல்வேலிப் பக்கம். என் கணவர் சேலத்துக்காரர், சுரங்க வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்.

மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். அது உண்மைதான். ஆனால் அவரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. மட்கார்டைக் கழற்றி, சைலன்ஸரை மேலே தூக்கிக் கட்டி, கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் மாட்டி, மண்ணிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்றே அதை மாற்றி வைத்திருந்தார். லீவு நாளில் நண்பர்களோடு காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புச் செம்மண்ணில் ஓட்டிவிட்டு, தலை முதல் கால் வரை சிவப்பாக வந்து நிற்பார்.

எனக்கு அந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. வண்டிக்காகக்கூட இல்லை. சமையலறையிலிருந்து நான் கூப்பிட்டால் அவர் திரும்பமாட்டார். கடைத்தெருவுக்குப் போகும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவேன், ஒரு 'ம்' கூட வராது. ஒருமுறை எனக்குக் காய்ச்சல். தண்ணீர் வேண்டும் என்று மூன்று முறை கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து வண்டியின் ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை, இரும்புதான் பிடித்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். 'என்னை வந்து அழைத்துக்கொண்டு போங்கள்' என்று அம்மாவுக்கு ஓர் இன்லண்ட் கடிதம் எழுதி, ஒட்டாமல் அலமாரித் தாளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர் விழுந்தார். பண்ருட்டிப் பக்கம் ஒரு மண் ரேஸ் நடக்க இருந்தது. அதற்குப் பழகப் போன இடத்தில், மேட்டில் ஏறும்போது எஞ்சின் அப்படியே இறுகிப்போய், பின் சக்கரம் நின்று, ஆள் தூக்கி எறியப்பட்டிருக்கிறார். மந்தாரக்குப்பத்தில் மெக்கானிக் கடை வைத்திருந்த அவருடைய நண்பர்தான் வீட்டுக்கு அழைத்து வந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உரிந்து கிடந்தது.

"பயப்படாதீங்க அண்ணி, எலும்புக்கு ஒண்ணும் ஆவல" என்றார் அந்த நண்பர். பிறகு என் கணவர் முகம் கழுவப் போன நேரத்தில் என்னிடம் தனியாக, "கார்புரேட்டர்ல காத்து ஜாஸ்தி வச்சிக்கினு ஓட்றாரு. எஞ்சின் வெந்து பூடுச்சு. நான் டியூன் பண்ணித் தரேன்னா தொடவே வுடமாட்டேங்கறாரு. இன்னொரு தடவ இப்டி புடிச்சிக்கிச்சுன்னா கழுத்து போயிடும். நீங்க சொல்லுங்க அண்ணி" என்றார்.

நான் சொன்னால் கேட்கிற ஆளா? கடலூரில் போய் எஞ்சினைச் சரிசெய்து, புதுப் பிஸ்டன் போட்டுக்கொண்டு வந்தார். ரேஸுக்கு ஒரு வாரம் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பின்பக்கம் வண்டியை நிறுத்தி கார்புரேட்டரைத் திருக ஆரம்பித்தார். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

கார்புரேட்டரில் ஏர் ஸ்க்ரூ என்று ஒரு சின்னத் திருகு உண்டு. எஞ்சின் சும்மா ஓடும்போது பெட்ரோலோடு எவ்வளவு காற்று கலக்கவேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சரிசெய்வார்கள். இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் சத்தம்தான். அவர் திருகத் திருக எஞ்சின் சத்தம் ஏறியது. ஒரு இடத்தில் நன்றாக, ஒரே சீராக வந்தது. அதற்கு மேலும் திருகினார். சத்தம் மெலிந்து, விட்டுவிட்டுத் திக்க ஆரம்பித்தது. அவர் நிறுத்தவில்லை. ஒன்றும் தெரியாத எனக்கே அது தப்பு என்று பட்டது.

"போதுங்க, அதுக்கு மேல திருகாதீங்க!" என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

பின்பக்கம் முழுக்க நிசப்தம். அவர் குனிந்து கார்புரேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு இடதுபுறம், நாலடி தள்ளி நின்றேன். "என்னங்க" என்றேன். அசைவில்லை. இன்னும் உரக்க, "என்னங்க!" என்றேன். அப்போது எனக்கு வந்த கோபத்தில், எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் செய்யாததைச் செய்தேன். அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்கா, "அடியே, என்னடி இது, புருஷன் பேரச் சொல்லிக் கூப்புடுற!" என்று வாயில் கைவைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிட்டது. நாலடியில் இருந்த அவருக்குக் கேட்கவில்லை.

என் கோபம் அப்படியே வடிந்தது. சுற்றிக்கொண்டு அவருக்கு எதிரே போய் நின்றேன். திடுக்கிட்டு நிமிர்ந்தார். என் உதட்டையே பார்த்தார். அவர் எப்போதும் என் உதட்டைப் பார்த்துத்தான் பேசுவார் என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்குக் காது கேக்கலையா?"

ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இடது காது சின்ன வயசுலயே போயிடுச்சு. சீழ் வடிஞ்சுட்டே இருக்கும். வலது காதுல கேக்கும். ரெண்டு வருஷமா அதுவும் மங்கிட்டு வருது. வேலையில தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயம்" என்றார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா பொண்ணு குடுக்கமாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்க. கல்யாணத்துக்கப்புறம் சொன்னா, நீ போயிடுவியோன்னு நான் நெனச்சேன்."

சொன்னால் போய்விடுவேன் என்று அவர் பயந்திருக்கிறார். சொல்லாததால்தான் நான் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்களே என்ற ஆத்திரமும் எனக்கு வந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தப் புண் ஆறாத கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, ஏழு மாதமும் இந்த வீட்டில் தனியாக இருந்தது நான் மட்டும் இல்லை என்று தோன்றியது.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன். "சத்தத்த நான் சொல்லுதேன்."

அவருக்கு எதிரே நின்றுகொண்டேன். சத்தம் ஏறினால் விரலை மேலே தூக்குவேன். சீராக வந்ததும் கையை மூடிவிடுவேன், அவர் நிறுத்திவிட வேண்டும். மெல்ல மெல்லத் திருகினார். மூடினேன், நிறுத்தினார். பிறகு ஆக்சிலேட்டரை ஒருமுறை முறுக்கிவிட்டுக் கையை எடுத்தார். சத்தம் உடனே இறங்காமல் இழுத்துக்கொண்டே நின்றது. இறங்குவதைக் கையால் மெதுவாகக் காட்டினேன். அவர் நெற்றி சுருங்கியது. "இவ்வளவு நேரமா ஆகுது?" என்று கேட்டார்.

கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பார்த்தார். சத்தம் மாறியது. கையை ஆட்டிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த இணைப்பு வழியாகத்தான் எஞ்சின் காற்றைத் திருட்டுத்தனமாக உறிஞ்சிக்கொண்டிருந்ததாம். அங்கே இடைவெளியை அடைக்கப் புதுக் கேஸ்கெட் அட்டை வெட்டிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து திருகினோம். இந்த முறை முறுக்கி விட்டதும் சத்தம் சட்டென்று இறங்கியது. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பிளக்கைக் கழற்றிக் காட்டினார். வெளுத்தும் இல்லை, கரி பிடித்தும் இல்லை, பிஸ்கட் நிறத்தில் இருந்தது. "இதுதான் சரியான கலர்" என்று சொல்லி, அந்தச் சின்னச் சாமானை என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது. கீழே போடவில்லை.

அன்று மத்தியானம் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

ரேஸில் அவர் மூன்றாவதாக வந்தார். மந்தாரக்குப்பத்து நண்பர்தான் எங்களைவிட அதிகமாகக் குதித்தார். அதைவிடப் பெரிய பந்தயம் அடுத்த திங்கட்கிழமை. மேலதிகாரியிடம் அவரே போய்த் தன் காது விஷயத்தைச் சொன்னார். "இதச் சொல்றதுக்கு இத்தனை நாளாய்யா?" என்று அதிகாரி திட்டிவிட்டு, பெரிய மிஷின்கள் ஓடாத இடத்தில் பெஞ்ச் வேலைக்கு மாற்றிக் கொடுத்தாராம். பாண்டிச்சேரியில் டாக்டர் பார்த்துவிட்டு, வலது காதுச் சவ்வில் ஓட்டை இருக்கிறது, மூடிவிடலாம் என்றார். ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில், முழுதாக இல்லாவிட்டாலும், நான் சமையலறையில் முணுமுணுப்பதெல்லாம்கூட அவருக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அதில் எனக்குச் சில சங்கடங்களும் உண்டு.

ஒருவரின் மௌனத்துக்கு நானாக ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டு, அதை நம்பி ஒரு வாழ்க்கையையே முடித்துக்கொள்ள இருந்தேனே என்று நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. அதனால் யாராவது பதில் சொல்லாமல் போனால், கோபப்படுவதற்கு முன்னால் எழுந்து எதிரே போய் நின்று, இன்னொரு முறை கேட்டுவிடுகிறேன்.