தூசிக்கு முந்தானை

மூச்சு விடுவதை ஒரு வேலையாக நினைக்காதவர்களுக்கு, மூச்சுக்கு ஆள் வைத்து வேலை நடக்கும் எங்கள் வார்டு புரியாது. ராத்திரி டியூட்டியிலேயே வயதாகிப்போன என் இனத்தாரே, உங்களுக்குப் புரியும்.

விழுப்புரத்தில் நுரையீரல் வார்டில் நான் இரவு உதவியாளன். பகலில் படுத்தாலும் தூக்கம் வராது. அதனால் டியூட்டி முடிந்ததும் எங்கள் வார்டு டாக்டரம்மாவின் ஆராய்ச்சிக்கு எடுபிடியாகப் போவேன். ஆஸ்துமா ஆராய்ச்சியிலேயே தலை நரைத்தவர் அவர். படித்து முடித்த புத்தகங்களை எனக்குத் தருவார். அகராதியை வைத்துக்கொண்டு நானாகப் படிப்பேன்.

ஊதும் பரீட்சை

திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லில் வேலை பார்க்கும் சரோஜா, அடிக்கடி இளைப்போடு வந்து படுப்பாள். நுரையீரலின் பலம் பார்க்கக் குழாயில் ஊதச் சொன்னால், பெரியவர்கள் முன்னால் எப்படி என்று கூச்சப்பட்டு, பூப்போல ஊதினாள். டாக்டரம்மா தானே ஒரு குழாயை எடுத்து, கண் பிதுங்க, முகம் சிவக்க ஊதிக் காட்டினார்.

சரோஜா சிரித்துவிட்டாள். "ஈர வெறகு அடுப்ப ஊதறாப்போல ஊதணும்னு மொதல்லயே சொல்லக்கூடாதாம்மா?"

லீவு நாள்

மில் லீவு விட்டால் சரோஜாவின் மூச்சு சீராகிறது, வேலைக்குப் போனால் அடைக்கிறது. ஊதிய அளவுகளைப் பார்த்த டாக்டரம்மாவுக்கு மில் தூசி மேல் சந்தேகம் வந்தது. கொஞ்ச நாள் வேறு வேலை பார்க்க முடியுமா என்று கேட்டார்.

"மில்லுக்குப் போவலன்னா மூச்சு வரும்மா, சோறு எங்கேர்ந்து வரும்?"

அன்றிலிருந்து டாக்டரம்மாவின் கேள்வியே மாறிவிட்டது: இவளை மில்லிலிருந்து எடுக்காமல் தூசியை எப்படி எடுப்பது?

பால் மாதிரி வெள்ளை

முதலில் தூசியை அளக்க வேண்டும். காற்றை உறிஞ்சித் தூசியை வடிகட்டும் சின்னக் கருவியை சரோஜாவின் தோளில் மாட்டி அனுப்பினோம். சாயங்காலம் பிரித்தால், வடிதாள் பால் மாதிரி வெள்ளை! டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்தேகமே தப்போ?

சரோஜா பெருமையாகச் சொன்னாள்: "வெல ஒசந்த மிஷினாச்சே, தூசி படக்கூடாதுன்னு நாள் பூரா முந்தானையால மூடி வச்சிக்கினு இருந்தேம்மா."

முதலாளி ஊதினார்

விழுந்து விழுந்து சிரித்த டாக்டரம்மா, மறுநாள் கருவியைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு, மில்லில் பெண்களோடு உட்கார்ந்து மல்லாட்டை புடைத்தார். பொழுது சாய்வதற்குள் அவருக்கே இருமல். வடிதாள் செம்மண் நிறம். தூசியை வெளியே இழுக்கும் ஃபேன் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டார்.

"இந்தத் தூசியிலயே பொறந்து வளந்தவன் நானு, எனக்கின்னா ஆயிடுச்சி?" என்றார் அவர். டாக்டரம்மா குழாயை நீட்டினார். தம் கட்டி ஊதினார் முதலாளி. சரோஜாவை விடக் குறைவு! மனுஷன் முகம் வெளுத்துவிட்டது.

சரோஜா விடவில்லை: "இன்னா மொதலாளி, எங்கள வெரட்டறப்ப இருக்கற தம்மு இங்க காணோமே?"

தெரிந்த முகம்

ஃபேன் வந்தது. அதற்கப்புறம் சரோஜா வார்டில் படுக்கவே இல்லை. போன வாரம் பரிசோதனைக்கு வந்து ஜோராக ஊதினாள். மில் வேலையும் நிற்கவில்லை. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வார்டுப் பக்கமே ஆளைக் காணோமே என்றேன் சரோஜாவிடம்.

"உங்களப் பாக்கறதுக்கோசரம் நான் இளைச்சிக்கினே கெடக்கணுமா அண்ணே?"

நல்ல டாக்டரிடம் வேலை பார்த்தால் பழகிய முகங்களை ஒவ்வொன்றாக இழந்துகொண்டேதான் இருக்க வேண்டும்.