வெர்லீன் தைத்த பிணம்

ஏரிக்கரை ஊரான ஷெபாய்கனில் வெர்லீனிடம் திட்டு வாங்காமல் பிராந்தி வாங்கியவர் எவரும் இல்லை. பெரிய முதலாளி காலத்திலிருந்து ஒரே பாரில் ஊற்றிக் கொடுப்பவள். அவள் ஒரு தரம் முறைத்ததில் ஏரியில் போன பாய்மரப் படகு திசை மாறிவிட்டது. கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்கள். மூன்று பேரைக் கட்டினாள். முதலாமவன் ஓடிப்போனான், இரண்டாமவன் செத்துப்போனான், மூன்றாமவன் செத்ததுபோல் நடித்தான். அவளுக்கென்று மிஞ்சியது அந்த பார் ஒன்றுதான்.

பெரிய முதலாளி போய்ச் சேர்ந்ததும் மகன் டர்க் கல்லாவில் உட்கார்ந்தான். சின்ன வயதில் அவன் மூக்கைத் துடைத்துவிட்டவளே வெர்லீன்தான்.

"வெர்லீன், பனி விழுந்தாச்சுன்னா இங்க ஒரு ஆள் போதும். ஹாலோவீன் அன்னைக்கு நீங்க ஒரு பேய்ச்சரக்கு கலக்குங்க, மெக்கென்னா ஒண்ணு கலக்கட்டும். எது அதிகம் விக்குதோ அவங்க இருக்கலாம்."

"உங்கப்பன் உசுரோட இருந்தா உன்னைத்தாண்டா வெளிய தள்ளியிருப்பான்."

"அதான் அவர் போனப்புறம் சொல்றேன்."

மெக்கென்னா அந்தக் கோடையில் சேர்ந்த சின்னப் பெண். வோட்காவில் செர்ரிச் சாறு கலந்து, கோப்பை விளிம்பில் பிளாஸ்டிக் கோரைப்பல் மாட்டி, ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்தாள். ஹாலோவீன் அன்று பொழுது சாயுமுன்பே பேய் வேஷம் கட்டிக்கொண்டு ஓநாய் மனிதர்களும் துணி சுற்றிய மம்மிகளும் வந்து குவிந்தார்கள். நான் சூனியக்காரி வேஷத்தில் ஓரமாக உட்கார்ந்து பொரித்த சீஸ் தின்றுகொண்டிருந்தேன். எல்லார் கையிலும் காட்டேரி. வெர்லீன் பக்கம் ஓட்டுவதற்கு ஈகூட இல்லை.

"என்ன வெர்லீன், நீ வேஷம் போடலியா?" என்றான் ஒரு மம்மி. உற்றுப் பார்த்துவிட்டு, "ஓ, போட்டுத்தான் இருக்கியா!"

பாரே சிரித்தது.

கோப்பையில் ஊற்றுகிற இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பு கிடக்கும். சிந்துவதெல்லாம் அதில் தேங்கும். வாய்க்கொழுப்பு பிடித்தவனுக்கு அதை அப்படியே கவிழ்த்துக் கொடுப்பது இந்தப் பக்கத்து பார்களின் பழைய தண்டனை. எப்படியும் வேலை போகத்தான் போகிறது, ஊரையே தண்டித்துவிட்டுப் போவோம் என்று வெர்லீன் முடிவு கட்டினாள். விரிப்பை ஒரு வாளியில் கவிழ்த்தாள். மேசைகளில் மிச்சம் விட்ட பீர், பிராந்தி, காட்டேரி ரத்தம் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டினாள். அதில் ஒரு கோப்பை மொண்டு, மேலே பச்சைப் புதினா மதுவை ஒரு வீச்சு. சினிமாவில் வரும் தையல் பூதத்தின் கழுத்தில் ஆணி அறைந்த மாதிரி, விளிம்பின் இரண்டு பக்கமும் ஆலிவ் காய்.

"தையல் போட்ட பிணம்," என்று மம்மியின் முன்னால் வைத்தாள். "செத்தவங்க பல பேரைச் சேர்த்துத் தைச்சது. குடி, கண்ணு."

குடித்தான். கண்ணை மூடினான். "அடிப்பாவி, இத்தன நாளா இதை எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

அதன்பிறகு பிணம்தான் ஓடியது. பதற்றத்தில் மெக்கென்னா சிந்தச் சிந்த, வெர்லீனின் வாளி நிறைந்தது. டர்க்கே மறுபடி மறுபடி வாங்கிக் குடித்துவிட்டு, மணியை அடித்து வெர்லீன்தான் ஜெயித்தாள் என்று அறிவித்தான்.

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் சாகும்வரை அங்கேயே நின்றிருப்பாள். ஆனால் டர்க்கின் மீசையில் பச்சை ஒட்டியிருந்தது. பார்த்ததும் அவளால் அடக்க முடியவில்லை.

"டேய், நீ நக்குனது என்னன்னு தெரியுமா? விரிப்புல தேங்குன தண்ணி. ஊரான் எச்சி. அந்த ஓநாய்ப்பய மிச்சம் வச்சதும் உன் வயித்துலதான் கெடக்கு!"

மம்மி வாயைப் பொத்திக்கொண்டு கதவுக்கு ஓடினான். ஓநாய் மெல்ல எழுந்தான்.

"அப்ப இதுல முக்கியச் சரக்கே நான்தானா? இன்னொண்ணு ஊத்து!"

கூரை பிய்த்துக்கொண்டு போகும் சிரிப்பு. ஆளாளுக்குக் கேட்டார்கள். டர்க் மீசையைத் துடைத்துவிட்டு வாளியை எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் அருவருப்பு கொஞ்சமும் இல்லை.

"செலவும் இல்ல, அளவும் இல்ல. இதக் கலக்க உங்க கை எதுக்கு வெர்லீன்?"

"நான் ஜெயிச்சேன்டா."

"உங்க சரக்கு ஜெயிச்சுது. அது இங்கயே இருக்கும்."

மெக்கென்னா வாளிக்குக் கை நீட்டினாள். வெர்லீன் கொடுத்தாள். ஏப்ரனைக் கழற்றிப் பலகையில் போட்டுவிட்டுக் கதவுவரை போனவள், யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்று திரும்பினாள். எல்லோரும் மெக்கென்னாவிடம் கோப்பையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். நானும்தான். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அந்தப் பெண் ஆலிவ் ஒன்று கூடுதலாகவே போட்டாள்.