பாய்லருக்கு மேல் மோர்மிளகாய்

சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பனிக்காலத்தில் மோர்மிளகாய் காயவைக்க வெயிலுக்கு எங்கே போவது? எங்கள் நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் மேற்பக்கம் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். சென்ற தை மாதம், மோரில் ஊறிய மிளகாயை ஒரு துணி விரித்து அதன்மேல் பரப்பிவிட்டேன்.

மறுநாள் காலை வீடு குளிர்ந்து கிடந்தது. பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில், மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுந்திருந்தது. தூக்கிவிட்டேன். உடனே விழுந்தது. மகள் குளிக்க வேண்டும், நான் வேலைக்கு ஓட வேண்டும். ஆத்திரத்தில் ஒரு கையால் பாய்லரைத் தட்டிக்கொண்டே நாலாவது தடவையும் தூக்கினேன்.

கடைசியில் மின்வேலை செய்யும் ரவித் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் மெயினை நிறுத்திவிட்டு பாய்லரின் மூடியைக் கழற்றினார். உள்ளே வயர்களின் மேல் உப்பு மோர் வழிந்திருந்தது.

"அக்கா, எத்தினை தரம் தூக்கிப் போட்டனீங்கள்?"

"நாலு."

"கரண்ட் கசியுது எண்டு அது நாலு தரமும் சொல்லியிருக்கு. நீங்கள் அதோட சண்டை பிடிச்சிருக்கிறியள்."

பாய்லரைத் தட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டேன்.

இப்போது மிளகாய் சன்னலோரம் காய்கிறது. சுவிட்ச் விழுந்தால், ரவி வரும்வரை இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு குளிரில் நிற்கிறேன்.