அண்ணன் மை தொட்டு அழித்த புள்ளி

சொத்துத் தகராறு என்றால் சொந்தக்காரர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரரும் என் அண்ணனும் பேச்சை நிறுத்திக்கொண்டது ஒரு புள்ளிக்காக. இதை வெளியில் சொல்லவே எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்காரருக்குத் தல்லாகுளத்தில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. சனிக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு பேரையூர் பஸ்ஸில் ஏறிவிடுவார். அங்கே அவருடைய பெரியப்பா காட்டில் விளக்கு வெளிச்சம் படாத வானம் இருந்தது. கேமராவை வைக்க அவரே செய்த தாங்கி ஒன்று உண்டு; கீல் போட்ட இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு திருகாணி. அதைக் கையால் மெல்லத் திருகிக்கொண்டே இருந்தால் கேமரா நட்சத்திரங்களோடு சேர்ந்து நகரும். பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் அண்ணன். அப்பாவுக்குப் பிறகு எங்கள் ஸ்டுடியோவை அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஒருமுறை பிரிண்டை நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்ட இவர், வரைபடத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளியைப் பார்த்திருக்கிறார். நெகட்டிவில் தூசி ஒட்டிக் காய்ந்தால் பிரிண்டில் இப்படித்தான் வெள்ளையாக விழும். நேரே ஸ்டுடியோவுக்குப் போய், கல்யாண ஆல்பம் வாங்க வந்தவர்கள் காதுபடவே, "மச்சான், தூசி உழுந்திருக்கு பாருங்க" என்றாராம். அண்ணன் படங்களில் முகம் திருத்துகிற மெல்லிய பிரஷ்ஷை எடுத்து, கறுப்பு மை தொட்டு, அந்தப் புள்ளியை அழித்துவிட்டுப் பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே வேற எடம் பாத்துக்கங்க மாப்ள."

அடுத்த மாதம் அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காராமல் பிள்ளைக்குக் காது குத்துவதாவது? நான் போய் அழைத்தபோது அண்ணன் "பாப்பம்" என்று மட்டும் சொன்னார். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இந்த ஆளுக்கு என்ன இவ்வளவு வீம்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தை வீட்டில் இவர்மேல் கொட்டினேன்.

"தூசிதான்னு நீங்களா முடிவு கட்டுனா ஆச்சா? அதே எடத்த மறுபடியும் படம் புடிங்க. வேற ஸ்டுடியோவுல கழுவுங்க. புள்ளி அங்கயே இருந்துச்சுன்னா எங்கண்ணன் மேல தப்பில்ல."

புள்ளி இருக்க வேண்டும் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டேன். அடுத்த வாரம் எடுத்துக் கழுவி வந்த நெகட்டிவில் அந்த இடம் காலியாக இருந்தது.  இவர் ஜெயித்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் சும்மா இருந்தார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஸ்டுடியோக்காரர் மகள் அல்லவா, அப்படியே விட மனசில்லை. அண்ணன் அழித்தது பிரிண்டில்தான். பழைய நெகட்டிவ் எங்களிடம் பத்திரமாக இருந்தது. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல நகர்த்தினேன். நட்சத்திரங்களின் கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பொருந்தின. பழைய நெகட்டிவில் இருந்த அந்தப் புள்ளிக்கு மட்டும் ஜோடி இல்லை. ஆனால் அதற்குச் சற்றுத் தள்ளி, புதிய நெகட்டிவில் ஒன்று தனியாக நின்றது.

"ஏங்க, இங்க இருந்தது அங்க போயிருக்கு. தூசி நடக்குமா?"

இவர் இரண்டையும் தெரிந்த கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினார். அவர் கோள்கள் எந்த நாளில் எங்கே இருக்கும் என்று குறித்த ஒரு அட்டவணையைப் புரட்டி, இரண்டு ராத்திரிகளிலும் வெஸ்டா என்கிற சிறுகோள் அந்தந்த இடத்தில்தான் இருந்தது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். சூரியனைச் சுற்றிவருகிற பெரும் பாறையாம். எந்தக் காலத்திலோ யாரோ கண்டுபிடித்ததுதான். இவருக்கு அதில் வருத்தமே இல்லை. தேடாமலே ஒரு சிறுகோள் தன் படத்தில் வந்து விழுந்துவிட்டதே என்று பொங்கல் சட்டை போட்ட பிள்ளை மாதிரி திரிந்தார்.

"சந்தோசமெல்லாம் இருக்கட்டும். அம்புட்டுப் பேரு முன்னாடி தூசின்னு சொன்னீங்கல்ல? அதே மாதிரி ஆளுக முன்னாடியே போயி இதையும் சொல்லுங்க" என்றேன்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் கூடப் போனேன். ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் படத்துக்குச் சிலர் காத்திருந்தார்கள். இவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான், அது தூசி இல்ல. வானத்துல நகர்ற சிறுகோள். நான் சொன்னதுதான் தப்பு" என்று நெகட்டிவ்களை நீட்டினார். அண்ணன் விளக்குக்கு நேரே வைத்து வெகுநேரம் பார்த்தார். இப்போது நன்றாக நாலு வார்த்தை கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் நெகட்டிவ்களை இவர் கையில் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்.

"நானும் நெசமாவே தூசின்னுதான் நெனச்சேன் மாப்ள. அப்பா இருந்தவரைக்கும் அந்த இருட்டு ரூமுல ஒரு பொட்டுத் தூசி உழுந்ததில்ல. எங்கையில வந்து கெட்டுப்போச்சேன்னு தெனமும் கழுவிக்கிட்டுக் கெடக்கேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சபையில வந்து உக்கார்றதுன்னுதான்..." 

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழைக்கப் போன அன்று அவர் வெட்கப்பட்டுக் குனிந்ததை நான் வீம்பு என்று நினைத்து, மனசுக்குள் எத்தனை திட்டுத் திட்டியிருந்தேன். காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள்; பார்த்தால் பார்க்கட்டும் என்று மகளை அண்ணன் மடியில் உட்கார வைத்தேன். காதுகுத்துக்கு இன்னும் நாள் இருந்தது.