மை இல்லாத கைநாட்டு

மாசாணத்துக்குக் கண் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. தறிக்குடோனில் பத்தடி தள்ளி நூல் அறுந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனாலும் பல்லடத்தில் அவளைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும், பாவம், முப்பத்தாறு வயதிலேயே இவளுக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டதே என்று இரக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தத் தாளை நீட்டினாலும் அவள் சொல்லும் பதில் ஒன்றுதான்.

“கண்ணாடிய ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டனுங்க. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

வீட்டில் அவளிடம் இருந்தது சுவரில் மாட்டிய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றுதான். மாசாணம் பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் இல்லை. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் கூலி வேலை பார்த்த குடும்பம். ஐந்து பிள்ளைகளில் மூத்தவள் என்பதால், தம்பி தங்கைகளை இடுப்பில் சுமக்கவே அவளுடைய சிறுவயது சரியாகப் போயிற்று. அதில் அவள் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் அப்படிப் பார்ப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரை ‘கைநாட்டு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அந்தச் சொல் தன்மேல் விழக்கூடாது என்று அவள் பட்ட பாட்டுக்கு, பாதிப் பாடு பட்டிருந்தால் படித்தே முடித்திருக்கலாம்.

கணவன் பங்காரு லாரி ஓட்டியவன். மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது ஒரு விபத்தில் போய்விட்டான். அதன்பிறகு திருமலைசாமியின் தறிக்குடோனில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற வேலை, ஒற்றை அறை வாடகை வீடு, மகள் பிரத்யுஷா, இவ்வளவுதான் அவள் உலகம். அந்தப் பெயரைக்கூட பங்காருதான் எங்கேயோ கேட்டு வந்து வைத்தான். அவள் வாயில் அது நுழைய ஒரு மாதம் ஆயிற்று. அந்தப் பெயருக்கேற்ற உயரத்துக்கு மகள் படித்துப் போய்விட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

இரண்டாம் வகுப்பிலேயே மகளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வீட்டுப்பாட நோட்டை அம்மா தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்து அவள் சிரிக்கவில்லை. நோட்டை நேராகத் திருப்பிக் கையில் கொடுத்தாள். அந்த வாரமே ‘மாசாணம்’ என்ற நாலெழுத்தை அம்மாவுக்கு எழுதப் பழக்கினாள். அதன்பிறகு ரேஷன் கடையிலும் வங்கியிலும் யாராவது மைப்பெட்டியை நகர்த்தினால், மாசாணம் பேனாவைக் கேட்டு வாங்குவாள். காதும் காதும் வைத்த மாதிரி அந்த ரகசியம் இரண்டு பேருக்குள்ளேயே இருந்தது. சாயங்காலமானால் வந்த தாள்களையெல்லாம் மகள் படித்துச் சொல்வாள், அம்மா கேட்டுக்கொள்வாள்.

பிறகு தாள் நின்றுபோய் எல்லாம் போனில் வர ஆரம்பித்தது. கொரோனா காலத்தில் பள்ளிக்கூடமே போனுக்குள் குடியேறியது, திரும்பத் திறந்த பிறகும் பாதி வெளியே வரவில்லை. லீவா, தேர்வா, வீட்டுப்பாடமா, எல்லாமே பெற்றோர் குழுவில்தான். வேலை நேரத்தில் போன் சத்தம் போடும். மற்ற அம்மாமார்கள் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தைத் தட்டிவிடுவதைக் கவனித்து, அவளும் தட்டப் பழகினாள். கைநாட்டு வைக்கமாட்டேன் என்று பேனா பிடித்தவளிடம் காலம் மறுபடியும் கட்டைவிரலையே கேட்டது. இதற்கு மை மட்டும் தேவைப்படவில்லை.

ஒருமுறை கணக்கு வாத்தியாரின் தகப்பனார் காலமான செய்திக்கும் அவள் கட்டைவிரலை நிமிர்த்திவிட்டாள். குழுவே வாயடைத்துப் போனது என்று சொல்ல ஆசைதான். உண்மையில் எல்லோரும் வாய் ஓயாமல் பேசினார்கள். பிரத்யுஷா அன்று சாப்பிடவில்லை.

“நான் பாக்காம இனிமே எதுக்கும் போடாதம்மா” என்றாள். மாசாணமும் சரியென்றாள். ஆனால் பழக்கம் யாரை விட்டது?

இந்த வருடம் பிரத்யுஷா பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு நானூற்று எழுபத்தெட்டு வாங்கினாள். கோயமுத்தூரில் விடுதியோடு சேர்ந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கான தேர்வையும் எழுதியிருந்தாள். பதினொன்று, பன்னிரண்டு இரண்டும் அங்கே இலவசம். கம்ப்யூட்டர், ரோபோ என்று எல்லாம் பழக்கி, நேராக நல்ல நல்ல கல்லூரிகளுக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்தத் தேர்வு நாளிலிருந்து மாசாணம் வேண்டாத சாமி இல்லை. அதில் இடம் கிடைக்கவில்லை என்று மே மாதக் கடைசியில் மகள் சொன்னாள். சொன்ன கையோடு முகம் கழுவப் போய்விட்டாள். மாசாணத்துக்கு நெஞ்சு உடைந்துபோனது. இருந்தாலும் பிள்ளை நொந்துபோவாளே என்று, “போச்சாட்டாது, போனாப் போவுட்டும் கண்ணு” என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, போனின் கண்ணாடி உடைந்துவிட்டதென்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கரீம் கடைக்குப் போனாள். மாற்றி முடித்துக் கையில் கொடுக்கும்போதே ஒரு செய்தி வந்து விழுந்தது. அவள் வழக்கமான பாட்டைப் பாடினாள்.

“ஏனுங்க, கண்ணாடிய ஊட்டுல வெச்சுப்போட்டு வந்துட்டேன். என்ன போட்டிருக்குதுன்னு பாருங்களேன்.”

கரீம் இன்னொரு போனைப் பிரித்துவைத்துக் குனிந்திருந்தவர், தலையைத் தூக்கவே இல்லை. “கண்ணாடி எதுக்குங்கக்கா? போனே படிக்குமே. கண்ணு தெரியாத ஒரு தம்பி வருவாரு, அவருக்கு நான்தான் வெச்சுக் குடுத்தேன். கொண்டாங்க.” போன் திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பொம்மைப் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். “இதத் தொட்டா மெசேஜப் படிக்கும். கேமராவக் காட்டுனா தாள், போர்டு எல்லாத்தையும் படிக்கும். அவ்வளவுதானுங்க.”

அவர் மாசாணத்துக்கு என்ன கொடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. அவளுக்கோ தலைகால் புரியவில்லை. கடை வாசலிலேயே நின்று, எதிரே இருந்த போர்டுக்கு நேராகப் போனைத் தூக்கினாள். “இங்கு சிறுநீர் கழிக்காதீர்” என்றது ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பதுபோல. மாசாணம் வாய்விட்டுச் சிரித்தாள். பஸ் பெயர், பிஸ்கட் கவர், மாத்திரை அட்டை, எதையும் விடவில்லை. தறிக்குடோனில் ஆறு வருடமாக அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கிய அட்டை, பஞ்சு பறக்கும் இடம், மூக்கை மூடிக்கொண்டு வேலை செய்யவும் என்று சொல்கிறதாம். ஆறு வருடமாக இருமிக்கொண்டே அதன் கீழ் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதை நினைத்தபோது சிரிப்பு வரவில்லை.

மகளிடம் சொல்லவில்லை. நன்றாகப் பழகிக்கொண்டு, ஒரு நாள் பாடப் புத்தகத்தையே படிக்கவிட்டு அவளை அசத்த வேண்டும் என்று எண்ணம். ஞாயிற்றுக்கிழமை பிரத்யுஷா தோழி வீட்டுக்குப் போனதும், பழைய செய்திகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டாள். வியாழக்கிழமை வந்த ஒன்று, வகுப்பு டீச்சர் விமலாராணி அவளுக்கென்றே தனியாக அனுப்பியது.

“பிரத்யுஷாவின் தாயாருக்கு வணக்கம். கோவைப் பள்ளியில் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தும், அனுப்ப உங்களுக்கு விருப்பமில்லை என்று அவள் தெரிவித்தாள். அந்த இடத்தை அடுத்த மாணவிக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமா? திங்கட்கிழமை மதியம் பட்டியலை அனுப்ப வேண்டும்.”

அத்தோடு அந்தக் குரல் நிற்கவில்லை. அடியில் இருந்ததையும் படித்தது. “கட்டைவிரல்.”

மாசாணம் மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் அதே குரல், அதே நிதானம். வேலை நேரத்தில் எதையோ தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் பிரத்யுஷா போனைப் பார்த்துவிட்டு, சும்மா லீவு சமாச்சாரம் என்று சொன்னதும் ஞாபகம் வந்தது. இத்தனை வருடத்தில் மகள் இன்னும் எத்தனை லீவு சமாச்சாரம் படித்தாளோ? கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிக்கொண்டாள். கேட்டால் இன்னொரு பொய் வரும். திங்கட்கிழமை காலை, “பதினொன்னாவது சேக்கோணும், வா” என்று மட்டும் சொல்லி மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள்.

விமலாராணி டீச்சரின் மேசைக்கு முன்னால் பெற்றோர் வரிசை நீண்டிருந்தது. தறிக்குடோனில் கூட வேலை செய்யும் இரண்டு பெண்களும் அதில் இருந்தார்கள். மாசாணத்தின் முறை வந்தது.

“வாங்கம்மா. என்ன குரூப்புங்க எடுக்கறா?”

“அதுக்கு வரலீங்க டீச்சர். கோயமுத்தூரு பள்ளிக்கோடத்துக்கு என்ற புள்ள போறாளுங்க. அந்த எடத்த ஆருக்கும் குடுத்துப்போடாதீங்க.”

பிரத்யுஷா திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தாள். டீச்சரும் பார்த்தார். “நீங்கதானுங்கம்மா வேண்டாம்னீங்க? நான் கேட்டதுக்குச் சம்மதம்னு கட்டைவிரல் போட்டிருக்கீங்களே.”

“அது... கண்ணாடி இல்லாம தெரியாமத் தட்டிப்போட்டனுங்க.”

“சாயங்காலம் ஊட்டுக்குப் போயி கண்ணாடி போட்டுப் பாத்திருப்பீங்கல்ல? நாலு நாளாச்சுங்களே. மறுபடி எடம் கேட்டா அந்தப் பள்ளியில காரணம் கேப்பாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?”

டீச்சர் கோபமாகக் கேட்கவில்லை. பதில் வேண்டித்தான் கேட்டார். பத்து வருடமாக எந்த இடத்திலும் கைவிடாத கண்ணாடி, இந்த இடத்தில் கைவிட்டுவிட்டது. அதற்குள் பிரத்யுஷா முந்திக்கொண்டாள்.

“அம்மாவுக்கு ஒடம்பு செரியில்ல டீச்சர். நான் இங்கேயே படிச்சுக்கறேன். வாம்மா போலாம்.”

மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டால் மானம் தப்பிக்கும். மகளுடைய இடம் போய்விடும். மாசாணம் கையை உருவிக்கொண்டாள்.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டீச்சர்” என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. “ஒரெழுத்துந் தெரியாது. என்ற பேரு மட்டும் எழுதுவேன். அதும் இவ பழக்குனது. நீங்க என்ன கேட்டீங்கன்னு தெரியாமத்தான் கட்டைவிரலப் போட்டேன். அந்தக் காரணத்தையே சொல்லிப்போடுங்க.”

தறிக்குடோன் பெண்கள் இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். மாசாணத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இதற்குப் பயந்துதானே இத்தனை வருடம். டீச்சர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் திரும்பி வரும்வரை ஆன ஐந்து நிமிடம் அவளுக்கு ஐந்து வருடம்.

“அடுத்த புள்ளைக்கு இன்னும் சொல்லலையாமுங்க. நாலு மணிக்குள்ள சர்ட்டிபிகேட்டோட நேர்ல வரணும். கெளம்புங்க.”

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். சாலையைக் கடந்த பிறகுதான் மாசாணம் கேட்டாள்.

“எடம் கெடைக்கலைன்னு எதுக்கு கண்ணு சொன்ன?”

“நான் போயிட்டா உனக்கு ஆரு படிச்சுச் சொல்லுவா?” பிரத்யுஷா அழுதுகொண்டே கத்தினாள். “மெசேஜு, பேங்கு, ஆஸ்பத்திரி... ஆராச்சும் ஏமாத்திப்போட்டா?”

மாசாணம் போனை எடுத்து, கரீம் வைத்துக் கொடுத்த பொம்மையைக் காட்டினாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கு அது புதிதில்லை.

“இது எல்லா நேரமும் செரியாப் படிக்காதும்மா. தப்பாப் படிச்சா உனக்கு எப்படித் தெரியும்? பொய் சொன்னா?”

“நீ சொன்னது எனக்குத் தெரிஞ்சுதா?” என்றாள் மாசாணம். “உன்ற வாயத்தான எட்டொம்பது வருசமா நம்பிட்டிருந்தேன்.”

அந்தச் சொல் எங்கே போய் விழுந்தது என்பது மகளின் முகத்தில் தெரிந்தது. மாசாணத்துக்கும் வலித்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, அது உண்மை.

“இது தப்பாப் படிச்சா ரெண்டு பேருத்தக் கேப்பேன், சாமி. இனிமேக் கேக்கறதுக்கு என்ன வெக்கம்? வெக்கத்தத்தான் அந்த டீச்சரு டேபிள்லயே வெச்சுப்போட்டு வந்துட்டனே. எனக்குப் படிச்சுச் சொல்றதுக்கோசரம் நான் உன்னையப் படிக்க வெக்கல.”

காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி, மூன்றரைக்கு அந்தப் பள்ளியின் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள். பிரத்யுஷா பெஞ்சில் உட்கார்ந்து மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

“என்ன கேட்டிருக்குது?”

“அம்மாவோட படிப்பு.”

“இத்தன வருசமா இந்த எடத்துல என்ன எழுதுன?”

மகள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எட்டாவதுன்னு.”

மகள் குனிந்து ஏதோ எழுதினாள். எழுதி முடித்து, கையெழுத்துக்காகத் தாளை அம்மாவிடம் நீட்டினாள், படித்துக் காட்டவில்லை. மாசாணம் போனைத் தாளுக்கு மேலே பிடித்தாள். அலுவலகத்தில் பத்திருபது பேர் இருந்தார்கள். சத்தத்தைக் குறைக்க அவளுக்குத் தெரியும், குறைக்கவில்லை.

“தாயின் கல்வித் தகுதி” என்றது அந்தக் குரல். “பள்ளிக்குச் சென்றதில்லை.”

பிரத்யுஷா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

“செரியாத்தான் எழுதியிருக்கற” என்றாள் மாசாணம். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.