ஏசுதாஸுக்குப் படம் சொன்ன வருஷம்

ஆறு வருஷமாக டிசம்பர் கடைசி வாரத்தில் முகநூலில் ஒரு பட்டியல் போட்டு வருகிறேன். அந்த ஆண்டு படித்த புத்தகங்கள், பார்த்த படங்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி அபிப்பிராயம். ஆரணியில் பட்டுச் சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற மாணிக்கவேல் இவ்வளவு படிக்கிறானா என்று நாலு பேர் ஆச்சரியப்பட வேண்டும். அதைத் தவிர அந்தப் பட்டியலுக்கு வேறு நோக்கம் இருந்ததில்லை. போன வருஷம் நாற்பத்தோரு புத்தகம் போட்டிருந்தேன். அதில் முழுசாகப் படித்தது ஆறு. மீதிக்கு முன்னுரையும் பின்னட்டையுமே போதுமானதாக இருந்தன. படங்கள் பரவாயில்லை, உண்மையிலேயே தியேட்டருக்குப் போய் உட்கார்ந்து பார்த்தவைதான். ஆனால் பாதிப் படம் வரைக்கும் அதைப் பற்றி என்ன எழுதலாம் என்று போனில் தட்டிக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் தூக்கம் வந்துவிடும்.

இந்தப் பட்டியலை நம்பாத ஒரே ஆள் ஏசுதாஸ். ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குக் கூட்டாளி. களம்பூரில் ஒரு ரைஸ் மில்லில் எடை மேடைக்குப் பொறுப்பு. தினமும் பஸ்ஸில் போகவர ஜன்னலோரமாக உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டே இருப்பான். நிதானமாகப் படிப்பான், கடைசி வரி வரைக்கும் படிப்பான், அதைப் பற்றி எங்கேயும் ஒரு வார்த்தை எழுத மாட்டான். இப்படியும் ஒரு மனுஷன் படிப்பானா என்று எனக்கு எப்போதும் புரிந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் காலை அவன் எடைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது எழுத்துக்கு நடுவில் கறுப்பு நூல் ஒன்று நெளிந்ததாம். கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுதியிருக்கிறான். மத்தியானத்துக்குள் தண்ணீரில் மை கொட்டினாற்போல் எல்லாம் கலங்கிவிட்டது. பன்னிரண்டு வருஷமாக அவனுக்குச் சர்க்கரை. வேலூரில் கண் டாக்டர் பார்த்துவிட்டு விழித்திரையில் ரத்தம் கசிந்திருக்கிறது, இரண்டு கண்ணும்தான், மாதம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம், எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றிருக்கிறார்.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. அதற்கும் ஒரு பின்னட்டை இருந்திருந்தால் படித்துவிட்டுப் போயிருப்பேன். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஏதாவது வேணும்னா சொல்லுடா என்றேன். இப்படிக் கேட்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

ஏசுதாஸ் இரண்டு விஷயம் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், திரையில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இரண்டாவது, போன வருஷப் பட்டியலில் முதல் இடத்தில் நான் போட்டிருந்த தடிப் புத்தகத்தை எடுத்து வந்து படித்துக் காட்ட வேண்டும்.

“முடிவு உன்னைப் பல நாள் தூங்கவிடலன்னு எழுதியிருந்தியே, அதான்” என்றான்.

எழுநூற்று இருபது பக்க நாவல் அது. உப்பளத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தின் கதை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை அவன் வீட்டில் புத்தகம், மத்தியானம் தியேட்டர் என்று ஏற்பாடானது. முதல் வாரம் சமாளித்துவிட்டேன். அறுபது பக்கம் வரைக்கும் நான் உண்மையிலேயே படித்திருந்ததால் தடுமாறாமல், சில இடங்களில் குரலை ஏற்றி இறக்கிக்கூட வாசித்தேன். ஏசுதாஸின் மனைவி அமலோற்பவம் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு, அண்ணன் ரேடியோவில் சேர்ந்திருக்கலாம் என்று சொன்னாள். நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் தொண்ணூற்றேழாம் பக்கத்தில் மாட்டினேன். அந்தப் பக்கமும் அடுத்ததும் பிரிக்கப்படாமல் மேல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. அச்சகத்தில் வெட்ட விட்டுப்போனது. விரலை விட்டு நெம்பிப் பார்த்தேன், கிழிந்துவிடும் போலிருந்தது. படிப்பதை நிறுத்தியதும் ஏசுதாஸ் தலையைத் தூக்கினான்.

“இன்னா ஆச்சு?”

“ஒன்னுமில்ல. பக்கம் ஒட்டிக்கினு இருக்குது. அமலோற்பவம், ஒரு கத்தி குடும்மா.”

அவள் கத்தியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். நான் பக்கத்தை அறுக்கிற சத்தம் அந்த அறையில் நன்றாகக் கேட்டது. ஏசுதாஸ் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தான். பிறகு மேற்கொண்டு தடவிக்கொண்டே போனான். இருநூறுக்கு மேல் இன்னொரு இடம், நானூறு தாண்டி இன்னொரு இடம். மூன்றாவது இடத்தைத் தொட்டதும் சிரிக்க ஆரம்பித்தான். வேலூரிலிருந்து திரும்பின நாள்முதல் அவன் சிரிக்கவில்லை என்று அமலோற்பவம் பிறகு சொன்னாள். அன்று மூச்சு வாங்குகிற அளவுக்குச் சிரித்தான். நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“படி படி” என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “உனக்கும் இன்னா ஆவுதுன்னு தெரிய வேணாமா?”

புத்தகம் படிக்கிறவன் என்ற பேர் அன்றோடு போனது. படம் பார்க்கிறவன் என்ற பேர் தியேட்டரில் போனது.

ஒரு படத்தைப் பக்கத்து ஆளுக்குச் சொல்வது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. வசனம் அவனுக்கே கேட்கும். மீதியைத்தான் நான் சொல்ல வேண்டும். முதல் நாள் நான் சொன்னதெல்லாம் இப்படித்தான் இருந்தது: அவன் வர்றான். நிக்கிறான். போறான். எதில் வருகிறான், எங்கே நிற்கிறான், எந்த மாதிரி முகம் என்று ஏசுதாஸ் கேட்கக் கேட்க, திரும்பித் திரையைப் பார்ப்பதற்குள் அந்த ஆள் போய்விட்டிருப்பான். முப்பது வருஷமாகப் படம் பார்த்தும் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்று மட்டும் சரளமாக வந்தது. கதாநாயகி கட்டியிருந்த சேலை என்ன பார்டர், ஜரிகை அசலா டூப்பா, முந்தானையில் எத்தனை வரிசை மாங்காய் என்று மூச்சு விடாமல் சொன்னேன். கொலை செய்தது யார் என்று இடைவேளையில் ஏசுதாஸ் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. கொலை நடந்த அறையில் ஒரு நல்ல ஜமுக்காளம் இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

வாரம் போகப்போகக் கொஞ்சம் தேறினேன். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். தூங்கவும் முடியவில்லை, நான் தூங்கினால் அவனுக்குப் படம் நின்றுவிடும். பின்னாலிருப்பவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தர், இன்னா பெரிய பேஜாரா கீது என்று எழுந்து வேறு வரிசைக்குப் போனார். அதனால் படம் வந்து கூட்டம் வடிந்த இரண்டாவது வாரத்தில் போக ஆரம்பித்தோம். ஒரு நாள் முன்வரிசையில் குடும்பத்தோடு வந்திருந்த அம்மாள் ஒருத்தர் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

“கொஞ்சம் சத்தமா சொல்லுங்கண்ணா” என்றார். “கதை முன்னாடி பின்னாடி போய்க்கினு இருக்குது, எங்களுக்கும் ஒன்னும் புரியல.”

அதிலிருந்து எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வீட்டிலும் வாய் நிற்கவில்லை. கீதா சாம்பார் ஊற்றினால், கீதா கரண்டியை எடுக்கிறாள், முகத்தில் கோபம் என்று ஆரம்பித்துவிடுவேன். என் மனைவிக்கு அதுவரைக்கும் கோபம் இருக்காது, அதற்கப்புறம் வரும்.

தலைக்கனத்தோடு இன்னொன்றும் வந்தது. படங்களைத் திருத்த ஆரம்பித்தேன். வசனமில்லாத இடங்களில் நான் சொல்வதுதானே படம்? மொக்கையான சண்டையை நல்ல சண்டையாக்கினேன். காலியாக இருந்த தெருவில் ஒரு ஆட்டை ஓடவிட்டேன். யாருக்கும் நஷ்டமில்லை.

மே மாதம் ஒரு படம். மீன்பிடி விபத்தில் ஒரு கை போன ஆளைப் பற்றியது. வேலை போகிறது, மனைவி பொறுமையாகத்தான் இருக்கிறாள், ஆனால் அவன் யாருடனும் பேசுவதில்லை. கடைசிப் பத்து நிமிஷத்தில் வசனமே கிடையாது, வெறும் இசை. அவன் விடியற்காலையில் கடற்கரைக்குப் போகிறான். செருப்பைக் கழற்றி ஓரமாக வைக்கிறான். தண்ணீரில் இறங்குகிறான். இறங்கிக்கொண்டே இருக்கிறான்.

அந்த வாரம்தான் வேலூரில், மூன்றாவது ஊசியும் பலன் தரவில்லை, மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஏசுதாஸ் பக்கத்தில் முன்னால் குனிந்து உட்கார்ந்து, “இன்னாடா பண்றான்?” என்றான்.

“கரையில நிக்கிறான்” என்றேன். “கடலைப் பாத்துகினு இருக்கிறான்.”

“அப்பறம்?”

“திரும்பிட்டான். செருப்பை மாட்டிகினு வர்றான்.”

“எங்க வர்றான்?”

“வூட்டுக்குத்தான்.”

சுற்றிலும் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஏன் அழுகிறார்கள் என்று கேட்டான். சந்தோஷத்தில் என்றேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது படத்தைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்தவன் மாதிரி நான் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் மருந்தை மாற்றினார்கள். செப்டம்பர் கடைசியில் வலது கண்ணில் வெளிச்சம் தெளிந்தது. முதலில் ஆள் தெரிந்தது, பிறகு முகம் தெரிந்தது. இடது கண் அப்படியே நின்றுவிட்டது. அக்டோபரில் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தான் என்று அமலோற்பவம் போனில் சொன்னபோது, எனக்கு வந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் புத்தகத்தைப் பிரிக்கும்போது ஏசுதாஸ், இரு என்றான்.

“அவன் கடல்ல எறங்கிட்டாண்டா” என்றான்.

எந்தக் கடல் என்று கேட்கலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கேட்கவில்லை. ஆமாம் என்றேன்.

“நீ வூட்டுக்குப் போயிட்டான்னு சொன்ன.”

“அந்த வாரம் டாக்டர் அப்படிச் சொல்லியிருந்தாருடா. உன்ன பக்கத்துல வச்சுகினு அதை எப்படிச் சொல்றது?”

“நான் அப்படிப் பண்ணிக்குவேன்னு நெனச்சியா?”

“இல்ல. எனக்குத்தான் பயமா இருந்துச்சு.”

கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவனுக்குக் குறை வேறு இடத்தில் இருந்தது. அஞ்சு மாதமாக அதை ஒரு மட்டமான படம் என்று நினைத்துக்கொண்டிருந்தானாம். அவ்வளவு கஷ்டத்தைக் காட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான் என்று முடிக்கிறவன் என்ன டைரக்டர் என்று மில்லில் எல்லோரிடமும் போனில் திட்டியிருக்கிறான். இனிமேல் இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும் என்று என்னிடம் வாக்குக் கேட்டான், கொடுத்தேன். வேறு எத்தனை படத்தில் கை வைத்தாய் என்று கேட்டான். இரண்டு என்றேன். ஐந்து.

டிசம்பரில் அவன் மில்லுக்குத் திரும்பினான். எடை மேடையில் இல்லை, கேட்டில் லாரிகளை உள்ளே விடுகிற வேலை. நான் வழக்கம்போலப் பட்டியல் எழுத உட்கார்ந்தேன். புத்தகம் ஒன்று, அதிலும் இன்னும் நூற்றுப் பத்து பக்கம் பாக்கி. படங்கள் முப்பத்தொன்று, கண்ணால் பார்த்தவை. அப்படியே போட்டேன். பதினொரு பேர் விரும்பினார்கள். ஒருத்தர், உடம்பு சரியில்லையா அண்ணா என்று தனியாக விசாரித்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டில் ஒரு படம் பார்க்கலாம் என்று ஏசுதாஸ் சொன்னான். பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. எனக்கு முன்னால் நடந்தான். நின்றுகொண்டிருந்த பஸ் ஒன்றின் முன்னால் போய், வலது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பலகையைப் படித்தான்.

“சேத்துப்பட்டு” என்றான். “ஜல்தி வா, எடம் கீது.”

படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துத் தானே ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, எனக்கு இடம் விட்டான். பத்து மாதத்துக்கு அப்புறம் அவன் தானாகப் படித்த முதல் பலகை. அதில் செய்யாறு என்று எழுதியிருந்தது. நான் கொடுத்த வாக்கு சினிமாவைப் பற்றித்தான், பஸ்ஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் தாண்டினதும் கண்டக்டர் வந்தார். “செய்யாறு ரெண்டா?” என்றார்.

ஏசுதாஸ் திரும்பி என்னைப் பார்த்தான். நான் ஆமாம் ரெண்டு என்று டிக்கெட் வாங்கினேன். பிறகு, செய்யாற்றில் என்ன படம் ஓடுகிறது என்று கேட்டான். தெரியாது என்றேன், அது உண்மை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது படம் ஆரம்பித்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. இருட்டில் இடம் தேடி உட்கார்ந்தோம். அதுவரைக்கும் என்ன நடந்திருக்கும் என்று ஏசுதாஸ் எனக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தான். அந்தக் கிழவர்தான் அப்பா, இந்தப் பெண் ஊரைவிட்டு ஓடிவந்தவள், அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சாவு விழுந்திருக்கிறது. நான் நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குள் எல்லாமே தப்பு என்று ஆனது. அவன் கொஞ்சமும் வெட்கப்படாமல் முறுக்கு வாங்கப் போனான்.